பட்டாளத்து டீசல் ஜீப்பை வீட்டிலேயே சீர்செய்து டர்போ பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்குச் சுமையேற்றிப் போகிறவர்களுக்கு அந்த ரோடு விடாமல் ஏறுவது காலிலேயே தெரியும். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தாலும் பழைய டீசல் வண்டி மூன்றாம் கியரோடு நின்றுவிடும், பின்னால் கறும்புகைதான் கூடும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைவு. டீசல் அளவு மாறவில்லை, எரிக்க வேண்டிய காற்று குறைந்துவிட்டது. எக்ஸாஸ்ட் புகையால் சுழலும் விசிறியைக் கொண்டு, குறைந்த காற்றைத் திருப்பிக் கொடுத்து, மேலும் கொஞ்சம் சேர்த்துத் தருவதுதான் டர்போவின் வேலை. நம் மாவட்டத்து மேடுகளுக்கு இது ஆடம்பரம் இல்லை.

என் வண்டி பட்டாளத்திலிருந்து கழித்துவிடப்பட்ட மகிந்திரா 550. எஞ்சின் பெஜோ எக்ஸ்டி3பி, 2498 சிசி, நான்கு சிலிண்டர். பின்சீட்டுகளைக் கழற்றி, பின்பலகையை இறக்கிவிட்டால் அதுவே பிக்கப். ராயக்கோட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்துத் தக்காளியும் மாங்காயும் அதில்தான் போகின்றன. கீழே சொல்வதெல்லாம் இந்த வண்டியில் கைவைத்துக் கற்றவை. பழைய 540, எம்டிஐ எஞ்சின் வண்டிகள், டீசலுக்கு மாற்றிய ஜோங்கா என்ற பட்டாளத்து ஜீப் எல்லாவற்றுக்கும் வரிசை இதேதான். அளவுகளை மட்டும் அந்தந்த எஞ்சினின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

வரிசையை மாற்றாதீர்கள். டர்போ கடைசி வேலை. பலர் டர்போவை முதலில் வாங்கி ஷெல்ஃபில் வைத்துவிட்டு வண்டியைத் தேடுகிறார்கள். டர்போ இல்லாமல் தன் சொந்தக் காற்றில் ஒழுங்காக ஓடாத எஞ்சின் டர்போ போட்டால் சீக்கிரம் உடையும், அவ்வளவுதான்.

முதலில் காகிதம்

ராணுவ வண்டிகளின் நம்பர் பிளேட்டில் ஓர் அம்புக்குறி மேல்நோக்கி நிற்கும். அதை அடுத்த இரண்டு இலக்கம் வண்டி படையில் சேர்ந்த ஆண்டு. ஏலத்தில் எடுத்தவர் கையில் உள்ள விடுவிப்புக் கடிதத்தில் அந்தப் பழைய நம்பர், சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். சேஸிஸ் நம்பரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பென்சிலால் தாளில் பிரதி எடுத்து, கடிதத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஏற்கெனவே சிவில் பதிவு ஆன வண்டியென்றால் ஆர்சி நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்த பின் ஐந்தைந்து ஆண்டாகத்தான் புதுப்பித்துத் தருவார்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு விஷயம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 121ஆம் விதிப்படி, பாதுகாப்புத் துறை வண்டியைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. பட்டாளத்து வண்டி என்ற பாசத்தில் அதே பச்சையை அடித்துவிட்டு எஃப்சிக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். ஆர்சியில் என்ன நிறமோ அதே நிறத்தை அடியுங்கள்.

டர்போவுக்கும் சட்டம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அனுமதி இல்லையென்றால் டர்போ வண்டி தோட்டத்து வேலிக்குள்ளேயே ஓடட்டும். அனுமதியில்லாத வண்டி பொது ரோட்டில் யார் மீதாவது மோதினால் இன்சூரன்ஸ் கைவிடலாம், அடிபட்ட குடும்பம் இழப்பீட்டுக்கு அலைய நேரும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

வாங்கும்போது பார்ப்பது

பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கீழே படுத்து சேஸிஸைப் பாருங்கள். ஸ்பிரிங் பட்டை மாட்டும் ஷாக்கிள் பிராக்கெட்டைச் சுற்றிலும், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் பண்ணிய இடத்திலும் விரிசல் இருந்தால் துருவின் மேல் மெல்லிய கோடாகத் தெரியும். ஸ்க்ரூடிரைவர் முனையால் சேஸிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்கும் இடத்தில் துரு தின்றிருக்கும்.

எஞ்சின் ஓடும் நிலையில் இருந்தால் சூடான பின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, திருப்பாமல் சும்மா மேலே வையுங்கள். மூடி லேசாக நடுங்கினால் கவலையில்லை. துள்ளிக் கீழே விழுந்தால் ரிங், லைனர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கம்ப்ரெஷன் கேஜ் கிடைத்தால் ஹீட்டர் பிளக் ஓட்டை வழியாக நான்கு சிலிண்டரையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஹெட்டில் உள்ள சின்ன அறையில் டீசல் எரியத் தொடங்கும் இந்த மாதிரிப் பழைய ப்ரீ-சேம்பர் டீசலில் 25 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் இருப்பது நல்ல எஞ்சின். அதைவிட முக்கியம், சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 3 பாரைத் தாண்டக் கூடாது. மூன்று சிலிண்டர் 27 காட்டி ஒன்று மட்டும் 20 காட்டினால் விலை பேசும்போது எஞ்சின் வேலையையும் சேர்த்தே பேசுங்கள்.

பேட்டரி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். ரேடியோ பொருத்திய பட்டாளத்து வண்டிகளில் 24 வோல்ட் ஒயரிங் இருப்பது வழக்கம். தெரியாமல் 12 வோல்ட் ஹீட்டர் பிளக் வாங்கி மாட்டினால் சாவி திருப்பிய சில நொடிகளில் நான்கும் கருகிவிடும்.

நின்றுபோன எஞ்சினை எழுப்புவது

வருஷக்கணக்கில் நின்ற எஞ்சினுக்கு உடனே பேட்டரி மாட்டி ஸ்டார்ட் அடிக்காதீர்கள். ரிங்குகள் லைனரோடு ஒட்டியிருக்கும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் நீளமான ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றுங்கள். இடித்து நிற்கும் இடத்தில் பலம் காட்டாமல் பின்னால் சுற்றி மறுபடி முன்னால் வாருங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் போன பிறகுதான் ஸ்டார்ட்டர் மோட்டார்.

பழைய ஆயிலை இறக்கும்போது முதலில் வருவதைக் கவனியுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் சம்பின் (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) அடியில்தான் நிற்கும். முதல் அரை டம்ளர் தண்ணீராக வந்தால் ஹெட் பாக்கிங் போயிருக்கலாம்.

டேங்கில் உள்ள பழைய டீசலைத் தொடவே வேண்டாம். 20 லிட்டர் ஜெர்ரி கேனில் புது டீசல் ஊற்றி, பானட் உயரத்தில் கட்டி, அதிலிருந்து ஃபீட் பம்புக்கு ஹோஸ் போடுங்கள். ஃபில்டரை மாற்றி, ஃபில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, கையால் பம்ப் அடித்துக் குமிழி நிற்கும்வரை ஏர் எடுங்கள். அடுத்து நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டர் அடித்தால் அங்கேயும் ஏர் வெளியேறும். கையை நாசில் அருகே கொண்டுபோகாதீர்கள். நாசிலில் இருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்: இன்டேக் வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு கனமான ப்ளைவுட் துண்டு. டீசல் பம்பில் அளவைக் கட்டுப்படுத்தும் கம்பியான ரேக் இறுகிக் கிடந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் சுற்று தானாக ஏறிக்கொண்டே போகும், சாவியை அணைத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்காதீர்கள். துணியும் கூடாது, உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

எங்கள் பக்கத்து ஊரில் பட்டாளத்தில் இஎம்இ பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எஞ்சின் முதன்முறை ஓடிய அன்று சந்தோஷத்தில் அவரைக் கூட்டி வந்தேன். அவர் எஞ்சின் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பின்சக்கரத்துக்குப் போய்க் குனிந்து டிரம்மின் உள்பக்கத்தைத் தடவி விரலை மோந்து பார்த்தார்.

"தம்பி, வீல் சிலிண்டர் ஒழுவுது. இத வெச்சிக்கிட்டு தொப்பூர் எறங்குவியா?"

"இல்லீங்கய்யா, தோட்டத்துக்குள்ளதான் ஓட்டிப் பாக்கப்போறேன்."

"மேட்டுல ஏறுன வண்டி எறங்கத்தானே வேணும்?"

அன்றே டிரம் நான்கையும் கழற்றினேன். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் தொப்பூர்க் கணவாய் இறங்கும்போது எத்தனை லாரிகள் பிரேக் பிடிக்காமல் போயிருக்கின்றன என்று இந்தப் பக்கத்தில் வாழும் எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எதையும் ரப்பர் கிட் மட்டும் போட்டு ஒப்பேற்றாதீர்கள். உள்சுவரில் நகம் தட்டும் அளவுக்குக் குழி இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். இரும்பு பிரேக் பைப்புகள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் கிளிப்புக்கு அடியில் அரித்திருக்கும். ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது. டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் போல மேனிஃபோல்ட் வாக்குவம் கிடைக்காது, தனி வாக்குவம் பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்கு உயிர். அதை டைனமோ கடையில் கொடுத்துச் சோதியுங்கள்.

ஸ்டியரிங் பால் ஜாயிண்ட், கிங் பின் பேரிங், ஸ்பிரிங் புஷ், புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் எல்லாம் வழக்கமான வேலை. எங்கே ஆட்டம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

தகரமும் துருவும்

மேல்பெயின்ட்டைச் சுரண்டும்போது அவசரப்படாதீர்கள். என் வண்டியின் பின்பலகையில் பிளேடு வைத்து இழுத்தபோது முதலில் யாரோ அடித்த நீலம் வந்தது, அதன் கீழ் பச்சை, பச்சைக்குள் வெள்ளையில் பாதி அழிந்த அம்புக்குறி, அதற்கும் கீழே வேறொரு பச்சை. அந்த இடத்தைப் போட்டோ எடுத்து வைத்தேன். ஃபேக்டரி பெயின்ட் நன்றாகப் பிடித்திருக்கும் இடத்தைத் தேய்த்து அழிக்கத் தேவையில்லை. உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி மேலே பிரைமர் அடித்தால் போதும்.

ஓட்டை விழுந்த தகரத்தின் மேல் பட்டி பூசுவது ஒரு மழைக்காலத்துக்குத்தான் தாங்கும். அழுகிய பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள். நீளமாக ஒரே ஓட்டத்தில் வெல்டிங் அடித்தால் தகடு அலை அலையாக வளையும். ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு ஒரு சாண் தள்ளி, ஆற விட்டு மறுபடி. டீசல் டேங்கின் அருகே வெல்டிங் கூடவே கூடாது. டேங்கைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் வெல்டிங் மெஷினை ஆன் செய்ய வேண்டும்.

சின்னச் சின்ன பிராக்கெட், கீல், கொக்கிகளுக்கு மின்சாரக் குளியல் நல்ல வழி. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, ஓரத்தில் பழைய இரும்புத் தகடு. பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் தகட்டுக்கு, நெகட்டிவ் துருப்பிடித்த சாமானுக்கு. ஒரு ராத்திரியில் துரு கறுப்புச் சேறாகக் கழன்றுவிடும். எவர்சில்வர் தகடு மட்டும் போடாதீர்கள், அதிலுள்ள குரோமியம் தண்ணீரை விஷமாக்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில், பீடி நெருப்புக்கு எட்டாமல் வையுங்கள்.

எஞ்சின் டர்போவைத் தாங்குமா?

1979இலேயே பெஜோ கம்பெனி தன் 604 காரில் இதே குடும்பத்து 2304 சிசி எஞ்சினுக்கு டர்போ போட்டு விற்றது. அதைக் காட்டிப் பலர் "தாங்கும்" என்பார்கள். அது டர்போவுக்கென்றே தயாரித்த எஞ்சின், நம்முடையது அப்படியல்ல. நம் எஞ்சினில் கம்ப்ரெஷன் விகிதம் 20க்கு மேல். காற்றை ஏற்கெனவே அவ்வளவு நெருக்கும் எஞ்சினுக்குள் இன்னும் காற்றைத் திணித்தால் முதலில் கேள்விக்குள்ளாவது ஹெட் பாக்கிங், அடுத்து பிஸ்டன் தலை. அதனால் பூஸ்டுக்கு, அதாவது டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தத்துக்கு, இந்த வழிகாட்டியில் நான் வைக்கும் எல்லை 0.5 பார். அதற்கு மேல் போக ஆசைப்படுபவர்கள் பிஸ்டனிலிருந்து தொடங்க வேண்டும், அது வேறு வேலை.

ஹெட்டைக் கழற்றி லேத்தில் மட்டம் பாருங்கள். நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் வைத்தால் 0.05 மி.மீ. தகடு எங்கும் நுழையக் கூடாது. வால்வுக்கும் வால்வுக்கும் நடுவில், ப்ரீ-சேம்பர் வாயைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று டை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புது ஹெட் போல்ட், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவல் சொல்லும் டார்க்கில், சொன்ன கட்டங்களில். நாசில்களைப் பம்ப் காலிப்ரேஷன் பட்டறையில் கொடுத்து நான்கும் ஒரே அழுத்தத்தில் திறக்கும்படி செய்யுங்கள். ஒழுகும் நாசில் ஒன்று போதும், டர்போ போட்ட பிறகு அந்த சிலிண்டரின் பிஸ்டனில் ஓட்டை போட்டுவிடும்.

ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், எல்லா ஹோஸும் மாற்றுங்கள். வெயில் காலத்தில் சுமையோடு மேடேறி ஊசி நடுவிலேயே நிற்கிறதா என்று டர்போ இல்லாமலே ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். இந்த ஒரு மாதத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கிளட்ச் வழுக்குகிறதா, கியர்பாக்ஸ் கத்துகிறதா எல்லாம் இதில்தான் தெரியும்.

எந்த டர்போ?

கணக்கு எளிது. நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவை இழுக்கும். 2498 சிசி, 3500 சுற்று, 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3700 லிட்டர். ஓசூர் உயரத்தில் அது 3.9 கிலோ காற்று. 0.5 பார் பூஸ்ட் கொடுத்தால் ஐந்திலிருந்து ஐந்தரை கிலோவாகும். இந்த அளவைத் தரும் சின்ன டர்போ இரண்டரை லிட்டர் ஃபேக்டரி டர்போ டீசல் வண்டிகளில் உள்ளதுதான். லாரி டர்போ மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். நம் எஞ்சினின் புகை அதைச் சுழற்ற 3000 சுற்று ஆகும், மேட்டில் நமக்கு இழுவை வேண்டியதோ 1800இல்.

பழைய டர்போவை வாங்கும்போது கம்ப்ரெசர் பக்கத்து நட்டை இரண்டு விரலால் பிடியுங்கள். உள்ளே வெளியே இழுத்துத் தள்ளினால் ஆட்டம் தெரியவே கூடாது. மேலும் கீழும் அசைத்தால் மிகச் சின்ன ஆட்டம் இருக்கும். அது தேய்மானம் இல்லை, பேரிங் ஆயில் படலத்தில் மிதப்பதற்கான இடைவெளி. அப்படி ஒரு பக்கம் அழுத்தியபடியே சுழற்றிப் பாருங்கள். இறக்கை முனை கூட்டில் உரசும் சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள். இறக்கை முனைகள் மங்கி, தின்றது போல் இருந்தால் அந்த வண்டி ஏர் ஃபில்டர் இல்லாமல் மண் தின்றிருக்கிறது.

பூஸ்ட் எல்லை மீறாமல் புகையை வேறு வழியில் விடும் கதவுதான் வேஸ்ட்கேட். அதன் கம்பி எந்த அழுத்தத்தில் நகர்கிறது என்பதையும் மேசைமேலேயே பார்த்துவிடலாம். பஞ்சர் கடை கம்ப்ரெசரில் ரெகுலேட்டர் வைத்து மெல்ல ஏற்றுங்கள். 0.5 பாரில் கம்பி அசையத் தொடங்க வேண்டும்.

மேனிஃபோல்ட்

பழைய வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் டர்போ ஃபிளாஞ்சை வெல்டிங் செய்ய முடியும். நிக்கல் ராடு வேண்டும், சூடேற்றி அடித்து, பிறகு சாம்பலில் புதைத்து ஒரு நாள் ஆற விட வேண்டும். அப்படியும் சில மாதத்தில் விரிசல் விடலாம். நான் புதிதாகவே செய்தேன். ஓசூர் சிப்காட் பக்கம் லேசர் கட்டிங் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய பாக்கிங்கை அச்சாக வைத்து 12 மி.மீ. தகட்டில் ஃபிளாஞ்ச் வெட்டி, கனமான ஸ்டீம் பைப் பெண்டுகளால் குழாய் அமைத்தோம். வெல்டிங் முடியும்வரை ஃபிளாஞ்சை ஒரு பழைய ஹெட்டில் போல்ட் பண்ணியே வைத்திருங்கள், இல்லாவிட்டால் வில்லாக வளையும். முடிந்த பிறகு முகத்தை மில்லிங் செய்து மட்டமாக்குங்கள். டர்போவின் எடையை மேனிஃபோல்ட் மட்டும் சுமக்கக் கூடாது, எஞ்சின் பிளாக்கிலிருந்து ஒரு தாங்கி கொடுங்கள்.

எக்ஸாஸ்ட் வெப்பமானிக்கு டர்போவுக்கு முன்னால் ஓட்டை போட வேண்டும். மேனிஃபோல்ட் கையில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். மாட்டிய பிறகு துளைத்தால் இரும்புத் துருவல் நேரே டர்பைன் இறக்கைக்குப் போகும்.

ஆயில்: எல்லாத் தவறும் இங்கேதான்

டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது உலோகம் இல்லை, ஆயில். ஆயில் உள்ளே போவது சுலபம். பிளாக்கில் ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டி போட்டு, இரும்புக் கம்பி பின்னிய ஹோஸில் டர்போ தலைக்குக் கொடுத்தால் போதும். எக்ஸாஸ்டைத் தொடாமல் கொண்டுபோக வேண்டும்.

வெளியே வருவதுதான் வினை. டர்போவுக்குள் அழுத்தத்தோடு போன ஆயில் வெளியே வரும்போது நுரையாக, எந்த அழுத்தமும் இல்லாமல், தன் எடையால் மட்டுமே கீழே இறங்குகிறது. என் முதல் முயற்சியில் கையிலிருந்த 12 மி.மீ. ஹீட்டர் ஹோஸை ரிட்டர்ன் லைனாகப் போட்டேன். வீட்டு வாசலில் நன்றாகத்தான் ஓடியது. தோப்பு மேட்டில் முழு மிதியில் ஏறும்போது கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப்புகை, மாமரமே தெரியவில்லை. இறங்கிப் பார்த்தபோது ஹோஸ் எஞ்சின் மவுண்ட் மேல் லேசாக மடிந்திருந்தது. திரும்பி வர வழியில்லாத ஆயில் சீல் தாண்டி எக்ஸாஸ்டுக்குள் போய் எரிந்துகொண்டிருந்தது. அதுவே இன்டேக் பக்கம் கசிந்திருந்தால் எஞ்சின் தன் ஆயிலையே குடித்துக் கட்டுப்பாடில்லாமல் ஓடி வெடித்திருக்கும். அன்றைக்கு நல்ல நேரம்.

சரியான முறை இதுதான். சம்பைக் கழற்றி, டிப்ஸ்டிக் மேல் கோட்டுக்கு நன்றாக மேலே வரும் இடத்தில் ஓட்டை போட்டு ஒரு குழாயை பிரேஸிங் செய்யுங்கள். உள்விட்டம் 19 மி.மீ. டர்போவிலிருந்து அதுவரை ஒரே சரிவு, எங்கேயும் மேலே ஏறவோ தொங்கவோ கூடாது. டர்போவின் நடுப்பகுதியைத் திருப்பி ஆயில் வெளியேறும் வாய் நேர் கீழே பார்க்கும்படி வையுங்கள், 30 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. ஹோஸ் ஆயிலுக்கும் சூட்டுக்கும் ஏற்றதாக இருக்கட்டும், தண்ணீர் ஹோஸ் ஊறிப்போகும். எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் கிராங்க்கேஸ் பிரீதரும் அடைபடாமல் இருக்க வேண்டும். உள்ளே அழுத்தம் இருந்தால் ரிட்டர்ன் ஆயில் இறங்காது. அந்தப் பிரீதர் குழாயை ஒரு சின்ன டப்பா வழியாக விட்டு ஆயில் பிரியும்படி செய்யுங்கள்.

காற்று வழி

பட்டாளத்து வண்டிகளில் பெரும்பாலும் ஆயில் பாத் ஏர் ஃபில்டர் இருக்கும். டர்போ இழுக்கும் வேகத்தில் அதிலிருந்து ஆயில் சாரலும் சேர்ந்து போகலாம். தாள் எலிமென்ட் உள்ள பெரிய ஃபில்டருக்கு மாறுங்கள். கோடையில் தோப்பு வழியில் எழும்பும் செம்மண் தூசி டர்போ இறக்கைக்கு உப்புத்தாள் மாதிரி.

இன்டர்கூலர் வேண்டுமா? 30 டிகிரி வெயிலில் 0.5 பார் அழுத்தினாலே காற்று 90 டிகிரிக்குப் பக்கமாகச் சூடேறும். சூடான காற்று விரிந்து எடை குறையும். இன்டர்கூலர் அதை 55 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கூடுதல் காற்று 30 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தது 40 சதவீதமாகிறது, பிஸ்டனும் குளிர்ச்சியாக இருக்கும். நான் போட்டேன், போடச் சொல்கிறேன். ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் அதற்குப் போகும் காற்று தடைபடாத அளவு சின்னதாக வையுங்கள்.

முதல் ஸ்டார்ட்

டர்போவின் ஆயில் வாயில் கையால் ஆயில் ஊற்றி இறக்கையைச் சுழற்றி விடுங்கள். டீசலை நிறுத்தி வைத்து, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு அடியுங்கள். பிறகுதான் ஸ்டார்ட். ப்ளைவுட் துண்டு பக்கத்தில். ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு ரிட்டர்ன் ஹோஸைத் தொட்டால் சூடு தெரிய வேண்டும். சூடு ஏறினால் ஆயில் திரும்புகிறது.

பம்பைத் தொடாமல் முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றம். ஆனால் டீசலைக் கூட்டாமலே வித்தியாசம் தெரியும். கறும்புகை போய்விடும், எக்ஸாஸ்ட் வெப்பம் குறையும், மேட்டில் ஒரு கியர் மேலேயே நிற்கும். அனுமதிக்குக் காத்திருந்த மாதங்களில் நான் தோப்பு மேட்டிலேயே 20 கிரேட் ஏற்றி ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் பூஸ்ட், எக்ஸாஸ்ட் வெப்பம், தண்ணீர் வெப்பம் மூன்றையும் நோட்டில் எழுதினேன்.

டீசல் கூட்டுவது

எக்ஸாஸ்ட் வெப்பமானி இல்லாமல் பம்ப் திருகைத் தொடாதீர்கள். டர்போவுக்கு முன்னால் அளக்கும் வெப்பம் நீண்ட மேட்டில் 650 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஒரு கணம் 700 தொட்டால் காலை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அலுமினிய பிஸ்டன் இளகத் தொடங்கும், வெளியே எந்தச் சத்தமும் கேட்காது.

ரோட்டரி பம்பென்றால் ஃபுல்-லோட் திருகில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, எட்டில் ஒரு சுற்று மட்டும் திருகி, அதே மேட்டில் அதே சுமையோடு ஏறி நோட்டைப் பாருங்கள். இன்லைன் பம்பென்றால் நீங்களே திறக்க வேண்டாம், காலிப்ரேஷன் பட்டறைதான். முடிந்தால் பூஸ்ட் வந்த பிறகு மட்டும் டீசல் கூட்டும் டயாஃப்ரம் உள்ள பம்பாக மாற்றுங்கள். அது இல்லாமல் கூட்டினால் டர்போ எழும்பும் முன் ஒவ்வொரு கியரிலும் கறும்புகை தள்ளும். டைமிங்கை முன்னால் நகர்த்தச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள், சிலிண்டர் அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

என் வண்டியில் மொத்தம் கால் சுற்றோடு நிறுத்திக்கொண்டேன். தோப்பு மேட்டில் 610 டிகிரி, பூஸ்ட் 0.45 பார், தண்ணீர் ஊசி நடுவில்.

பிறகு

15டபிள்யூ-40 டீசல் ஆயில், 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபில்டரோடு மாற்றம். மேடேறி வந்ததும் சாவியை உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். உடனே அணைத்தால் டர்பைன் சூட்டில் பேரிங்கில் நின்ற ஆயில் கரியாகும். முதல் 500 கிலோமீட்டரில் மேனிஃபோல்ட் நட்டுகளையும் கிளாம்புகளையும் மறுபடி இறுக்குங்கள். மாதம் ஒருமுறை ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். விரலில் செம்மண் ஒட்டினால் வண்டியை அன்று எடுக்காதீர்கள், எந்தக் கிளாம்பில் காற்று நுழைகிறதென்று முதலில் தேடுங்கள்.